பழைய ஏர்ஸ்ட்ரீமுக்குப் புது ஷாக் தேடுமுன்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

1960கள், 70களில் வந்த ஏர்ஸ்ட்ரீமை, அதாவது வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் அமெரிக்கத் தங்கும் டிரெய்லரை, வாங்கிச் சீர் செய்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: குலுக்கலை அடக்கும் பழைய ஷாக் அப்சார்பர் போய்விட்டது, அதே பாக எண்ணில் புதுசு எங்கே கிடைக்கும்? பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வண்டிகளில் ஷாக் மேல் விழுகிற பழியில் பெரும்பகுதி சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸிலுக்குச் சேர வேண்டியது. ஆக்ஸில் செத்துப்போன வண்டிக்கு எவ்வளவு நல்ல ஷாக் வாங்கிப் போட்டாலும் காசுதான் போகும், குலுக்கல் போகாது. ஆகவே கடைக்குப் போகும் முன் கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

ஒஹையோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டர் என்ற சின்ன ஊரில் 1952 முதல் ஏர்ஸ்ட்ரீம் தயாராகிறது. தொடக்க காலத்தில் லாரியைப் போல லீஃப் ஸ்பிரிங் பட்டைதான். 1960களின் தொடக்கத்தில் டூரா டார்க் என்ற ரப்பர் ஆக்ஸிலுக்கு மாறினார்கள். வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு தண்டு, இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் திணித்த ரப்பர் கயிறுகள். தண்டின் முனையில் பின்னோக்கி நீளும் ஒரு கை, அந்தக் கையின் நுனியில் சக்கரம். சக்கரம் மேலே ஏறும்போது கை திரும்பும், தண்டு திரும்பும், ரப்பர் நசுங்கும். அவ்வளவுதான் சஸ்பென்ஷன். ரப்பர் தானே கொஞ்சம் துள்ளலை விழுங்கிவிடும் என்பதால் இந்த வகை ஆக்ஸில் போட்ட பல டிரெய்லர்களுக்கு ஷாக்கே கிடையாது. ஏர்ஸ்ட்ரீமோ மெல்லிய அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துச் சேர்த்த கூடு. குலுக்கல் அதற்கு ஆகாது, அதனால் ஷாக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

கீழே போவதற்கு முன்: டிரெய்லர் இழுவை வண்டியோடு மாட்டியே இருக்கட்டும், தூக்காத பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ரப்பர் ஆக்ஸிலின் குழாயில் ஜாக்கி கொடுக்கவே கூடாது, குழாய் வளைந்தால் ஆக்ஸிலே போச்சு. சட்டத்தில், அல்லது ஆக்ஸில் சட்டத்தோடு சேரும் தகட்டில் கொடுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம்.

பள்ளத்தில் விழுந்தால் பலமுறை ஆடிவிட்டுத்தான் நிற்கிறது

உண்மையிலேயே ஷாக் போனதற்கான அறிகுறி இதுதான். பாலத்தின் இணைப்பு மாதிரி ஒரு மேட்டைத் தாண்டியதும் பக்கக் கண்ணாடியில் பாருங்கள். ஒருமுறை எழுந்து அமர்ந்துவிட்டால் நல்லது. மூன்று, நான்கு முறை அலைந்தால் தடுப்பு இல்லை என்று பொருள்.

காரில் செய்வதைப் போல மூலையை அமுக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ரப்பர் ஆக்ஸில் ஆள் அமுக்கினால் அசையாது. அதற்குப் பதில் சுலபமான ஒரு வழி உண்டு. கரடுமுரடான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தியதும் ஒவ்வொரு ஷாக்கின் உடம்பையும் தொட்டுப் பாருங்கள். ஷாக்கின் வேலையே ஆட்டத்தை வெப்பமாக மாற்றுவதுதான், ஆகவே வேலை செய்கிற ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். மற்றவை சூடாக இருந்து ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது செத்துவிட்டது. பிரேக் டிரம் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுட்டுவிடும்.

சந்தேகம் தீரவில்லையா? கழற்றிக் கையால் இழுத்து அமுக்கிப் பாருங்கள். நல்ல ஷாக் இரண்டு திசையிலும் ஒரே சீராக எதிர்க்கும், பெரும்பாலும் இழுக்கும்போது கூடுதலாக. நடுவில் ஓர் இடத்தில் வெறுமையாக வழுக்கினாலோ, எங்காவது பிடித்துக்கொண்டாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். மாற்றும்போது ஓர் ஆக்ஸிலுக்கு இரண்டும் சேர்த்து மாற்றுங்கள்.

ஊர் போய்க் கதவைத் திறந்தால் சாமான் எல்லாம் தரையில் கிடக்கிறது, ரிவெட் உதிர்ந்திருக்கிறது

கேபினட் கதவு தானாகத் திறந்திருக்கும், திருகாணிகள் கழன்று வந்திருக்கும், உள்தகட்டில் ரிவெட் தலைகள் துண்டித்துப் போயிருக்கும். பார்த்ததும் எல்லோரும் ஷாக் என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் இது ஆக்ஸில்.

சோதனை எளிது. டிரெய்லரைத் தூக்கி, சக்கரம் தரையை விட்டுத் தொங்கும்படி விடுங்கள். சக்கரத்தைப் பிடிக்கும் கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பக்கவாட்டில் இருந்து பாருங்கள். புது ரப்பர் ஆக்ஸிலில் சுமையில்லாத நேரத்தில் கை நன்றாகக் கீழ்நோக்கி இறங்கி நிற்கும். பரவலாக வாங்கப்படும் அமைப்பு ஒன்றில் இது கிடைமட்டத்திலிருந்து 22.5 பாகை. உங்கள் வண்டியில் தொங்கும்போதே கை கிடைமட்டமாகவோ அதற்கும் மேலே ஏறியோ நிற்கிறது என்றால் ரப்பர் இறுகிக் கல்லாகிவிட்டது. கைப்பேசியில் இருக்கும் கோண அளவியைக் கையின் மேல் வைத்தாலே எண் தெரிந்துவிடும். தரையில் நிற்கும்போது ஒரு தடவை, தொங்கும்போது ஒரு தடவை அளந்து எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு குறைவோ, ஆக்ஸிலில் உயிர் அவ்வளவு குறைவு.

வருடக்கணக்கில் ஓடாமல் தோட்டத்தில் நின்ற வண்டியில் இது இன்னும் மோசமாக இருக்கும், ஏனென்றால் ரப்பர் அதே நசுங்கிய நிலையிலேயே உறைந்து போயிருக்கும். கிலோமீட்டர் ஓடவில்லை, ஆக்ஸில் புதுசு மாதிரி என்று விற்பவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ரப்பர் மட்டும் தனியாக மாற்றும் வேலை வீட்டில் நடக்காது, முழு ஆக்ஸில்தான் மாற்ற வேண்டும். டெக்ஸ்டர் போன்ற கம்பெனிகள் அளவு கொடுத்தால் செய்து தருகின்றன. சட்டத்தில் பொருத்தும் இடங்களுக்கு இடையிலான அகலம், சக்கரம் மாட்டும் ஹப் முகத்திலிருந்து மறுபக்க ஹப் முகம் வரை தூரம், கையின் தொடக்கக் கோணம், தாங்கும் எடை, இந்த நான்கும் வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே ஷாக் மாட்டும் பிராக்கெட்டும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஆக்ஸில் வந்து இறங்கிய பிறகு பிராக்கெட்டை வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது, வெல்டிங் சூடு உள்ளே இருக்கும் ரப்பரைக் கருக்கிவிடும். இன்னொன்று, பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று தேவைக்கு மிஞ்சிய எடைத்திறனில் ஆக்ஸில் வாங்கினால் அது அசையவே அசையாது, செத்த ஆக்ஸிலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வண்டியைச் சாமானோடு எடைமேடையில் நிறுத்தி உண்மையான எடையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கை நன்றாக இறங்குகிறது, ஆனாலும் ரிவெட் உதிர்கிறது என்றால் சக்கரங்களைப் பேலன்ஸ் செய்தீர்களா என்று பாருங்கள். டிரெய்லர் சக்கரத்துக்கு அதெல்லாம் எதற்கு என்று டயர் கடையிலேயே சிலர் கேட்பார்கள், கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். டயர் காற்று தேவைக்கு மேல் இருக்கிறதா, எடையைப் பகிரும் ஹிட்ச் (இழுவை வண்டியோடு சேர்க்கும் இணைப்பு) கம்பிகள் இந்த வண்டிக்கு அளவுக்கு மீறித் தடித்தவையா என்பதையும் பார்க்க வேண்டும். 70களின் வண்டியாக இருந்தால் பின் பம்பரில் ஏறி நின்று மெல்லக் குதித்துப் பாருங்கள். பம்பர் தனியாக இறங்கி, மேல்கூடு அப்படியே நின்றால் பின்பக்கம் சட்டமும் கூடும் பிரிந்துவிட்டன. அது வேறு பெரிய வேலை, ஷாக் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஷாக் மேல் எண்ணெய்

தண்டு வெளிவரும் சீல் பக்கத்தில் மெல்லிய ஈரம், அதில் தூசி ஒட்டியிருப்பது சாதாரணம். உடம்பு முழுக்க நனைந்து, துடைத்து விட்டு ஒரு ஓட்டம் போனால் மறுபடி சொட்டுகிறது என்றால் முடிந்தது. தண்டில் துருப்புள்ளி இருந்தால் இன்று கசியாவிட்டாலும் சீக்கிரம் கசியும், அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு அசைவிலும் சீலைச் சீவிக்கொண்டே இருக்கும்.

அடியில் கடகட சத்தம்

முதலில் கையால் ஷாக்கைப் பிடித்து ஆட்டுங்கள். முனையில் இருக்கும் புஷ் ரப்பர் கரைந்திருந்தால் அங்கேயே தெரியும், உடம்பு நல்லதாக இருந்தால் புஷ் மட்டும் வாங்கினால் போதும். புஷ் சரியாக இருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறதா, பிராக்கெட்டின் ஓட்டை நீண்டு முட்டை வடிவமாகிவிட்டதா, வெல்டிங்கில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லீஃப் ஸ்பிரிங் வண்டியாக இருந்தால் ஷாக்கை விட, பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள் தகடும் அதன் பிளாஸ்டிக் புஷ்ஷும் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதை வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் ஏற்றும் போல்ட்டுமாக மாற்றினால் பாதி சத்தம் அடங்கிவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லொடக்கென்றால் அது பேரிங்.

புது ஷாக் போட்டும் ஒன்றும் மாறவில்லை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நல்ல கடையில் நல்ல விலைக்கு வாங்கியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

காருக்கு விற்கும் சாதாரண ஷாக் இரட்டைக் குழாய் வகை. உள்குழாயில் பிஸ்டன் ஓடும், வெளிக்குழாயில் உபரி எண்ணெய், அந்த எண்ணெயின் மேல் காற்றோ குறைந்த அழுத்த வாயுவோ இருக்கும். அடியில் ஒரு வால்வு இரண்டு குழாய்களையும் இணைக்கிறது. நேராக நிற்கும்வரை வால்வு எப்போதும் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும். ரப்பர் ஆக்ஸில் ஏர்ஸ்ட்ரீமிலோ ஷாக் நேராக நிற்பதில்லை, நன்றாகச் சாய்ந்து, பல வண்டிகளில் படுத்த வாக்கிலேயே போகிறது. அப்படிப் படுக்க வைத்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி வால்வு வழியாகக் காற்று உள்குழாய்க்குள் போய்விடும். காற்று நசுங்கும், எண்ணெய் நசுங்காது. விளைவு: ஒவ்வொரு அசைவின் தொடக்கத்திலும் ஷாக் சும்மா ஓடிவிட்டு அப்புறம்தான் பிடிக்கும். டிரெய்லரின் பெரும்பாலான குலுக்கல் அந்த முதல் அங்குலத்துக்குள்ளேயே முடிந்துவிடுவதால் ஷாக் இருந்தும் இல்லாத மாதிரிதான். செங்குத்திலிருந்து 45 பாகைக்கு மேல் சாய்ந்தால் சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்கை நம்ப முடியாது, தலைகீழாக மாட்டினால் சுத்தமாக வேலை செய்யாது.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, படுக்கை நிலைக்கென்றே செய்த இரட்டைக் குழாய் ஷாக். அதில் வாயுவை ஒரு பையில் அடைத்து எண்ணெயோடு கலக்காமல் வைத்திருப்பார்கள். பழைய டிரெய்லர்களுக்கென்று பாகம் விற்பவர்களிடம் ஏர்ஸ்ட்ரீம் ஷாக் என்று கேட்டால் கோணத்தைச் சொல்லி இந்த வகைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று ஒற்றைக் குழாய் வாயு ஷாக். பிரெஞ்சுக்காரரான பூர்சியே த கார்போன் உருவாக்கிய இந்த அமைப்பின் உரிமையை வாங்கி, 1957இல் பில்ஸ்டீன் கம்பெனி மெர்சிடிஸ் கார்களுக்கு உற்பத்தியில் கொண்டுவந்தது. இதில் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் நடுவே மிதக்கும் பிஸ்டன் ஒன்று சுவர் மாதிரி நிற்கிறது, அதனால் எந்தக் கோணத்திலும், தலைகீழாகக்கூட மாட்டலாம்.

ஒற்றைக் குழாயில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. உள்ளே அழுத்தம் அதிகம், தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 11 மில்லிமீட்டர் தண்டு, 25 பார் அழுத்தம் என்று வைத்தால் தள்ளும் விசை ஏறக்குறைய 24 கிலோ. வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் கட்டிய பட்டையை வெட்டியதும் சட்டென்று நீளும், மாட்டும்போது இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இரட்டைக் குழாய் ஷாக் கடையில் படுத்துக் கிடந்தே வந்திருக்கும் என்பதால், மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். நிமிர்த்திப் பிடித்தும் தொடக்க வெறுமை போகவில்லை என்றால் அந்த ஷாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஸ்டட் உடைகிறது, பிராக்கெட் வளைகிறது, ஷாக் கிழிந்து வந்துவிட்டது

நீளம் தவறு. ஷாக் உள்ளே முட்டி நின்றாலும் வெளியே முட்டி நின்றாலும் வண்டியின் எடை முழுதும் ஷாக்கை மாட்டும் அந்தச் சின்ன ஸ்டட் முளையில் வந்து இறங்கும். சரியான நீளம் போட்டும் உடைந்தால் மறுபடி மேலே சொன்ன, கையின் கோணம் பார்க்கும் சோதனைக்குப் போங்கள். கை மேலே ஏறிப்போன ஆக்ஸிலில் மாட்டுமிடங்கள் தம் நிலையை விட்டு நகர்ந்திருக்கும், பழைய அளவு ஷாக் ஏற்கனவே ஒரு கோடியில் போய் நிற்கும், அடுத்த பள்ளத்தில் முட்டிவிடும்.

இங்கேதான் அளவெடுக்கும் வேலை வருகிறது. பழைய ஷாக்கை அளந்து அதையே தேடாதீர்கள், அதற்கு முன்னால் யாரோ தவறானதை மாட்டியிருக்கலாம். வண்டியை அளங்கள். மேல் ஸ்டட்டின் நடுவிலிருந்து கீழ் ஸ்டட்டின் நடுவுக்கு மூன்று நிலைகளில் தூரம் வேண்டும்: சாமானோடு தரையில் நிற்கும்போது, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது, சக்கரம் மேலே முட்டும்போது. மூன்றாவதை நேரில் அளப்பது கடினம், ஏனென்றால் கையை அவ்வளவு தூரம் ஏற்ற முடியாது. டயரின் மேற்பரப்புக்கும் சக்கரக் கூண்டின் கூரைக்கும் உள்ள இடைவெளியை எடுத்து, கை அவ்வளவு ஏறினால் ஸ்டட் எங்கே போகும் என்று அட்டையில் வரைந்து பார்த்தால் போதும்.

முட்டும் இரண்டு நிலைகளிலும் ஷாக்குக்கு அரை அங்குலமாவது இடம் மிச்சம் இருக்க வேண்டும், ஓர் அங்குலம் இருந்தால் நிம்மதி. நிற்கும் நிலை ஷாக்கின் ஓட்டத்தில் ஏறக்குறைய நடுவில் விழ வேண்டும். முனை எப்படி என்றும் எழுதுங்கள்: புஷ் நுழைந்த வளையக் கண்ணா, நீட்டிய ஸ்டட்டா, கண் என்றால் உள்குழாயின் அகலமும் போல்ட்டின் தடிமனும். இரண்டு முனையும் வேறு வேறாக இருக்கலாம். உடம்பின் தடிமனையும் விடாதீர்கள், ஒற்றைக் குழாய் சில சமயம் பெருத்திருக்கும், பிரேக் வயரிலோ டயரின் உள்சுவரிலோ உரசும்.

நெடுஞ்சாலையில் வால் ஆடுகிறது

ஷாக்கால் இது தீராது. முன் ஹிட்ச்சில் விழும் எடை மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கிறதா பாருங்கள். பின்னால் தண்ணீர், சாமான் என்று ஏற்றியிருந்தால் முன்னே நகர்த்துங்கள். டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள்.

சரி, ஷாக்தான் என்று உறுதி. எங்கே தேடுவது?

பாகக் கடைக்காரர் கணினியில் ஆண்டு, கம்பெனி, மாடல் என்று கேட்பார். பழைய டிரெய்லர் அந்தக் கணினியில் இருக்காது, இல்லை என்று சொல்லிவிடுவார். நீங்கள் கேட்க வேண்டியது வண்டி வாரியான பட்டியலை அல்ல, அளவு வாரியான பட்டியலை. மன்ரோ, கேப்ரியல் போன்ற பெரிய கம்பெனிகள் நீண்ட நீளம், குறுகிய நீளம், முனை வகை என்று வரிசைப்படுத்திய அட்டவணை வைத்திருக்கின்றன. உங்கள் அளவுகளோடு அதில் இறங்கினால் ஏதாவது ஒரு பழைய வேனுக்கோ பிக்கப்புக்கோ செய்த ஷாக் அப்படியே பொருந்தும். பழைய ஷாக்கின் உடம்பில் குத்தியிருக்கும் எண்ணைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் படித்து வையுங்கள், எண் மாறியிருந்தாலும் மாற்று எண் அட்டவணையில் சில சமயம் சிக்கும். அதோடு, ஏர்ஸ்ட்ரீம் உரிமையாளர் சங்கம் 1955 முதல் இயங்குகிறது. அதே ஆண்டு, அதே நீளத்து வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் அவர் போட்டிருப்பது என்ன என்று கேட்பது எல்லா அட்டவணையையும் விட வேகமான வழி. ஆனால் அவருடைய ஆக்ஸில் பழையதா புதியதா என்று கேட்காமல் அந்த எண்ணை வாங்கிவிடாதீர்கள்.

நீளம் பொருந்தினால் மட்டும் போதாது. கனமான பிக்கப்புக்குச் செய்த முரட்டு ஷாக்கைப் போட்டால் ஒவ்வொரு கல்லின் அடியும் நேராகக் கூட்டுக்குப் போகும், மறுபடி ரிவெட்தான் உதிரும். ஓர் ஆக்ஸில் தாங்கும் எடைக்குக் கிட்டத்தட்ட ஒத்த வண்டியின் ஷாக்கைத் தேர்ந்தெடுங்கள். காற்றடைத்து உயரம் கூட்டும் ஏர் ஷாக் வேண்டவே வேண்டாம், இந்த ஸ்டட்டுகள் எடை தாங்கச் செய்தவை அல்ல. பழைய லீஃப் ஸ்பிரிங் வண்டி, ஷாக்கே இல்லாமல் வந்தது, இப்போது சேர்க்க வேண்டும் என்றால் ரோட்மாஸ்டர் விற்கும் கம்ஃபர்ட் ரைடு மாதிரி ஆக்ஸில் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிட் இருக்கிறது, ஆக்ஸில் குழாயின் விட்டத்தை அளந்து வாங்குங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே அந்த வண்டிகளில் கொஞ்சம் தடுப்பைத் தருவதால் அவசரம் இல்லை, ஷாக்கிளைச் சரி செய்த பிறகும் ஆட்டம் இருந்தால் பாருங்கள்.

மாட்டும் வேலை. அரை நூற்றாண்டுத் துரு சுலபத்தில் விடாது. துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே அடித்து, மறுநாளும் அடித்து ஊறவிடுங்கள். அப்படியும் அசையாத நட்டை உளி வைத்தோ நட்டு பிளக்கும் கருவியாலோ பிளந்து எடுங்கள். ஸ்டட் போனால் ஆக்ஸிலோடு மல்லுக்கட்ட வேண்டும், நட்டு போனால் சில்லறைக் காசு. கேஸ் டார்ச்சை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஒரு பக்கம் ஆக்ஸில் ரப்பர், இன்னொரு பக்கம் வாயு அடைத்த ஷாக்.

புது ஷாக்கை மாட்டும்போது நட்டை விரலால் முடுக்கி விட்டு, சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகே இறுக்குங்கள். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் கண்ணுக்குள் இருக்கும் புஷ் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும், வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். ஸ்டட் முனையில் வரும் ரப்பரை நசுக்கிப் பிதுக்க வேண்டாம், ரப்பர் வாஷரின் விளிம்பு வரை விரிந்தால் போதும். முதல் நீண்ட ஓட்டம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், புது ரப்பர் அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். கழற்றிய பழைய ஷாக் வாயு வகையாக இருந்தால் அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், பழைய இரும்பு வாங்குபவரிடம் இதில் அழுத்தம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.